பதின்மூன்றாவது அரச இலை

டேய்,

இன்று காலை உன் வீட்டுக்காரி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். மூடியைத் திறந்ததும் பலா மரத்தூள் வாசனை. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு. பதினொரு வருஷம் சனிக்கிழமை தவறாமல் நம் இரண்டு பேர் சட்டையிலும் அடித்த வாசனை. அடுக்களையிலிருந்த என் மனைவி, "அவரு வந்த மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை, சுர்ரென்று கோபம்தான் வந்தது. செத்து மூன்று மாசம் கழித்தும் வீடு தேடி வந்து வாசனை காட்டுகிற திமிர் உனக்குத்தான் உண்டு.

உள்ளே நாளிதழில் சுற்றிய, மரத்தில் வெட்டிய அரச இலைகள். மூன்று விரல் அகலம், மஞ்சள் பலா, ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில் உன் கோணல் நம்பர். எண்ணினேன். பதின்மூன்று இருந்தன. விகாரையில் பேசுகிறவர் முன் நிற்கிற போடியத்தில் பதிக்க வேண்டியது பன்னிரண்டு. அந்த ஒன்று எதற்கு என்று எனக்குத் தெரியும். மூடியை டப்பென்று சாத்தினேன்.

டின்னை வைத்துவிட்டுப் போகும்போது தங்கச்சி, உன் வீட்டுக்காரியை நான் அப்படித்தானே கூப்பிடுவேன், வாசலில் நின்றபடியே பேசினாள். "மாடி ஷெட்ட ஒழிச்சேண்ணா. போடியப் பலகையும் அங்கதான் சாத்தியிருக்கு. விகாரை செகரட்டரி ரெண்டு தடவ வந்து கேட்டாரு, குடுக்கல. உங்ககிட்டதான் குடுக்கணும்னு வெச்சிருந்தேன்."

போடியத்தை நான் செய்வதாக இல்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேனே என்றேன். "சொன்னீங்க. டின்னு மட்டும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவளும் உன்னைப் போலவே ஆகிவிட்டாள். எதிர்த்துப் பேசாமலே ஆளைக் கட்டிப்போடுகிற வித்தை.

ஆகவே எழுதுகிறேன். வாயால் திட்ட வேண்டியதைக் காகிதத்தில் திட்டுகிறேன். வேறு வழி நீ வைக்கவில்லை.

நாம் இந்த வேலையை யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. பொம்மசந்திரா ஃபேக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற இரண்டு ஃபிட்டர்கள், இரும்பைத் தவிர வேறு எதையும் தொட்டறியாதவர்கள். கம்பெனி பஸ் சில்க் போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்ற ஒரு நாள், உன் போனில் எவனோ ஒருவன் கறுப்புப் பலகையில் வெள்ளைப் பூவைப் பதித்துக் காட்டினான். பூவுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கோடுகூடத் தெரியவில்லை. நீ அதையே நாலு தடவை ஓட்டிப் பார்த்தாய். "மச்சா, இது ஆசாரி வேலை இல்லடா. சும்னே, சும்மா ஃபிட்டிங். நம்ம வேலை" என்றாய். அந்த மாசமே மரத்தில் பள்ளம் தோண்டுகிற கை மெஷின், ரூட்டர், ஒரே மாதிரி இரண்டு வாங்கினோம். உன் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர் தொட்டிக்கும் துணி காயும் கொடிக்கும் நடுவில், தகர ஷெட் எழும்பியது.

உனக்கே ரூட்டர் பாடம் நடத்துகிறேன், சிரித்துக்கொள். ப்ளைவுட் அச்சில் இலை வடிவத்தில் ஒரு திறப்பு. ரூட்டரின் அடியில் சின்னக் குழாய் மாதிரி ஒரு பித்தளை புஷ். அது திறப்பின் ஓரத்தை உரசிக்கொண்டு சுற்றும்போது நடுவிலிருக்கும் பிட் மரத்தை வெட்டும். புஷ்ஷின் மேல் ஒரு ரிங்கை மாட்டிக்கொண்டு வெட்டினால் பலகையில் பள்ளம் விழும். ரிங்கைக் கழற்றிவிட்டு அதே அச்சில் வேறு மரத்தை வெட்டினால், அந்தப் பள்ளத்தில் சிக்கென்று உட்காரும் இலை கிடைக்கும். அவ்வளவுதான் மொத்த வித்தையும். ரிங்கின் கனமும் பிட்டின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும், நமக்கு மூன்று மில்லி. ரிங் போட மறந்து பள்ளம் வெட்டினால் சுற்றிலும் மூன்று மில்லி கூடுதலாகத் தின்றுவிடும். இலை அதில் அப்பன் சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரி ஆடும். இலை கெட்டால் வேறு வெட்டிக்கொள்ளலாம். பலகை கெட்டால் கெட்டதுதான்.

செட்டோடு வந்த ரிங்குகள் இரண்டும் தொளதொளவென்று இருந்தன. நீ சிவாஜிநகரில் ஒரு லேத்துக் கடையில் அரை நாள் பக்கத்திலேயே நின்று, வெர்னியரை வைத்து வைத்துப் பார்த்து, ஒரு பித்தளை ரிங் கடைந்து வாங்கி வந்தாய். எனக்கும் ஒன்று கடைந்திருக்கலாமே என்றேன். "ஒண்ணே ஒண்ணு இருந்தாதான்டா அது எங்க இருக்குன்னு தெரியும்" என்றாய். இரண்டு ரூட்டருக்கும் ஒரே ரிங் என்றானது அப்படித்தான்.

முதல் வேலையே நான் ரிங் போட மறந்து என் வீட்டுச் சப்பாத்திப் பலகையைக் கெடுத்தேன். அன்றைக்கு நீ ஒரு சட்டம் போட்டாய். பிளக்கைச் சொருகும் முன் ஒருவன் "ரிங்கு?" என்று கேட்க வேண்டும். ரூட்டரைப் பிடித்திருப்பவன் விரலால் தொட்டுப் பார்த்து "இருக்கு" அல்லது "எடுத்தாச்சு" என்று சொல்ல வேண்டும். தொடாமல் சொல்லக் கூடாது. கேட்காமல் சொருகக் கூடாது. கோயில் மணி மாதிரி அது நம் மாடியில் கேட்டுக்கொண்டே இருந்தது. தங்கச்சி துணி உலர்த்திக்கொண்டே சிரிப்பாள். இரண்டாவது சட்டம், முதலில் பள்ளம், பிறகுதான் இலை. மூன்றாவது சட்டமல்ல, உன் குசும்பு. எந்த வேலையானாலும் ஒன்று கூடுதலாக வெட்டுவாய். "இது உன் பங்கு. கெடுக்கறதுக்கு" என்று தனியாக எடுத்து என் பக்கம் தள்ளுவாய். நானும் தட்டி உட்கார வைக்கும்போது ஒன்றை உடைத்து, உன் வாக்கைக் காப்பாற்றிவிடுவேன்.

ஆஸ்டின் டவுனில் எத்தனை வீட்டு வாசலில் நம் பெயர்ப்பலகை. நான் மாரியம்மன் கூழுக்கு முதல் வரிசையில் நிற்கிறவன், நீ விகாரைக்காரன். அம்மன் கோயில் ஊஞ்சல் பலகையில் நீ வேப்பிலை பதித்தாய். விகாரைக்குப் போடியம் என்று பேச்சு வந்தபோது, அதில் அரச இலை பதிக்கலாம் என்று சொன்னவன் நான். அதையாவது ஒத்துக்கொள். அரச இலைக்கு இருக்கிற நீள வாலில் நம் புஷ் நுழையாது. வாலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தாய். உன் வாலைத்தான் யாராலும் குறைக்க முடியவில்லை.

சிவாஜிநகர் பழைய மரக்கடையில், இடித்த பங்களா ஒன்றின் அலமாரிக் கதவுகள் கிடைத்தன. ஈட்டி மரம். ஒரே மரத்தில் அறுத்த ஜோடி. எண்ணெய் தடவினால் உள்ளே ஏதோ ஓடுகிற மாதிரி ரேகை. ஒன்று முகப்புக்கு, மற்றது இருக்கட்டும் என்று தூக்கி வந்தோம்.

போன வருஷம் புத்த பௌர்ணமிக்கு முந்தைய சனிக்கிழமை. செகரட்டரி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். நீ அவர்களுக்கு அச்சைக் காட்டி, ரேகையைக் காட்டி, பெருமை பொங்கப் பேசிக்கொண்டிருந்தாய். ரூட்டர் என் கையில். உன் குரல் கேட்டதும் தொட்டுப் பார்ப்பதுதான் என் விரலுக்குப் பழக்கம். அன்றைக்குக் குரல் வரவில்லை, விரலும் தொடவில்லை. பிளக்கைச் சொருகிவிட்டேன். முதல் பள்ளத்தை முடித்து, மாதிரி இலையை உள்ளே வைத்தேன். அது ஆடியது.

நீ திரும்பிப் பார்த்தாய். அத்தனை பேர் முன்னால் சொன்னாய். "ரிங்கு போடத் துப்பில்லாதவன் கையில எதுக்குடா மெஷினு?"

செகரட்டரி சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேட்க வேண்டியவன் நீதானே, கேட்டாயா என்றேன். "ஒவ்வொரு தடவையும் உனக்கு நான் கேட்டுக்கிட்டே இருக்கணுமா? நான் இல்லன்னா இன்னா பண்ணுவ?" என்றாய். அதற்குப் பிறகு கோபத்தில் என்னென்ன பேசினேன், எதை எடுத்தேன், எதைத் தூக்கிப் போட்டேன் என்று சரியாக நினைவில்லை. என் ரூட்டரைப் பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன். பின்னாலிருந்து நீ கூப்பிடவில்லை.

நான் தப்பு செய்தேன். அதை இன்றைக்கும் இல்லையென்று சொல்லமாட்டேன். தொட்டுப் பார்க்காதது என் தப்பு. கேட்காதது உன் தப்பு. என் பாதியை மட்டும் ஊர் முன்னால் எடுத்து வைத்து, உன் பாதியைப் பையில் போட்டுக்கொண்டாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எட்டு மாசம். ஒரே பஸ், ஒரே ஷிஃப்ட். நீ முன் சீட்டு, நான் கடைசி சீட்டு. இருபது வருஷத்துக்கு மேல் தோளோடு தோள் உரசிப் போனவர்கள் தனித்தனியாக உட்கார்ந்ததை பஸ் முழுக்கப் பார்த்தது. உன் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே ஓசூர் ரோடு முழுதும் போவேன். இன்றைக்குத் திரும்புவாய், நாளைக்குத் திரும்புவாய் என்று பார்ப்பேன். நான் எழுந்து வந்திருக்கலாமே என்கிறாயா? அவமானப்பட்டவன் எதற்கு எழுந்து வர வேண்டும்?

ஐப்பசியில் ஒரு வாரம் உன் சீட்டு காலி. தங்கவயலில் உன் தங்கை வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நம்பினேன். அதற்கடுத்த வாரம் முனை பேக்கரியில் டீ குடிக்கும்போது பேக்கரிக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார், "உங்க ஃபிரெண்டு சொல்லச் சொன்னாரு. ஒரு தடவ உங்க மெஷின எடுத்துப் பாக்கணுமாம்." எனக்கு மறுபடி பற்றிக்கொண்டது. மாடியில் நாலு பேர் முன்னால் சொன்னது போதாது என்று இப்போது பேக்கரியிலும் பாடம் நடத்துகிறாயா? "என் மெஷின எப்படிப் பாக்கறதுன்னு எனக்குத் தெரியும்னு சொல்லிடுங்க" என்று கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

தை மாசம் அந்தக் காலை. பஸ் நம் நிறுத்தத்தில் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றது. உங்கள் சிநேகிதர் வரவில்லையா என்று டிரைவர் கன்னடத்தில் என்னைத்தான் கேட்டார். எனக்கென்ன தெரியும், போங்கள் என்றேன். பஸ் கிளம்பியது. கிளப்பியவன் நான். சில்க் போர்டு சிக்னலில் போன் வந்தது. நீ ஷூ மாட்டக் குனிந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாயாம். நாம் பூ பதிக்கிற வீடியோ பார்த்த அதே சிக்னலில் இறங்கி, வண்டிகளுக்கு நடுவில் எதிர்ப்பக்கம் ஓடி ஆட்டோ பிடித்தேன். வந்து சேர்ந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஒரு காலில் மட்டும் ஷூ இருந்தது.

பஞ்சசீலம் சொல்லி முடித்த பிறகு, உன் மைத்துனர் சாதாரணமாகச் சொன்னார், ஐப்பசியில் நெஞ்சில் அடைப்பு எடுத்தபோதே டாக்டர் எச்சரித்தாராம். ஐப்பசியில் தங்கவயல் இல்லை, ஆஸ்பத்திரி. தெருவுக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. 'அவனிடம் சொல்கிறவர்கள் என் வீட்டுப் படி ஏறக் கூடாது' என்று நீ சொல்லிவைத்திருந்தாயாம். உன்னைத் தூக்கும்போது முன் பக்கம் தோள் கொடுத்தவன் நான். மனதுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டேதான் நடந்தேன். கெட்ட வார்த்தையிலும் திட்டினேன்.

இப்போது இந்த டின். இதிலும் உன் அடாவடி. முதலில் பள்ளம், பிறகு இலை என்று சட்டம் போட்டவன் நீ. பலகையில் பென்சில் கோடு மட்டும்தான் இருக்கிறது, பள்ளம் ஒன்றுகூட இல்லை என்று தங்கச்சி சொல்கிறாள். பதின்மூன்று இலையையும் வெட்டி வைத்திருக்கிறாய். உன் சட்டத்தை நீயே மீறினாய். கேட்டால் நீ எது செய்தாலும் சரி, நான் செய்தால் மட்டும் துப்பில்லாதவன்.

போதும். பரணில் ஒரு வருஷமாகப் பை பிரிக்காமல் கிடக்கிற என் ரூட்டரை இன்றைக்கே பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடப் போகிறேன். இந்தக் காகிதத்தையும் கிழித்துப் போடுவேன்.

*

மேலே இருப்பது சித்திரையில் எழுதியது. கிழிக்கவில்லை. பௌர்ணமி முடிந்து மூன்று நாளாகிறது, அதே காகிதத்தில் தொடர்கிறேன்.

அன்று பரணிலிருந்து பையை இறக்கினேன். சாமான்காரனிடம் போகும் முன் பிட்டையாவது கழற்றிக்கொள்ளலாம் என்று ரூட்டரைக் கவிழ்த்தேன். புஷ்ஷின் மேல் ரிங் இருந்தது.

நம் ரிங். சிவாஜிநகர் ரிங். பித்தளை கொஞ்சம் கறுத்திருந்தது. அப்போதுதான் அந்தச் சனிக்கிழமையில் விட்டுப்போன துண்டு நினைவுக்கு வந்தது. "இந்தா, போட்டுட்டேன், கண்ணு குளிர பாத்துக்கோ" என்று கத்திக்கொண்டே ரிங்கை எடுத்துப் புஷ்ஷில் அழுத்தி மாட்டியவன் நான். மாட்டிய கையோடு அப்படியே பையில் திணித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு வருஷமாக அது என் தலைக்கு மேல் பரணில் இருந்திருக்கிறது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. ரிங் இல்லாமல் உன்னால் பள்ளம் வெட்ட முடியாது. இலை வெட்டலாம், அதற்கு ரிங் வேண்டாம். அதனால்தான் இலை முதலில். மெஷினை எடுத்துப் பார்க்கச் சொன்னது பாடம் நடத்த அல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆள் ரிங்கைக் கேட்டிருக்கிறாய். நான் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

செருப்புகூடப் போடாமல் உன் வீட்டுக்கு ஓடினேன். ரிங் என்னிடம் இருப்பது அவனுக்குத் தெரியுமா என்று தங்கச்சியைக் கேட்டேன்.

"தெரியுமேண்ணா" என்றாள். "வேற ஒண்ணு கடஞ்சிக்கோங்களேன்னு நானே சொன்னேன். 'எதுக்கு, அவன் கொண்டாந்து குடுப்பான்'னாரு."

"எப்ப சொன்னான்?"

"எப்பவும் அதான். போறதுக்கு மொத நாளும் அதான் சொன்னாரு."

மகாபாவி. 'ரிங் உன்னிடம் இருக்கிறது, கொண்டு வா' என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் பேக்கரியிலிருந்தே உன் வீட்டுக்கு வந்திருப்பேன். படியேறும்போது திட்டிக்கொண்டே வந்திருப்பேன், அவ்வளவுதான். பேர் சொல்லாமல், ஆள் விட்டு, சுற்றி வளைத்து, நானாக வருவேன் என்று வெட்டிய இலைகளோடு உட்கார்ந்திருந்தாயே. உன் வீம்புக்கு என்ன பெயர் வைக்க? உன்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. என்மேல் அதைவிட அதிகம். ஒரு பையின் ஜிப்பைத் திறக்க எட்டு மாசம் எனக்குக் கை வரவில்லை.

பலகை அந்த ஜோடியில் மிச்சமிருந்த ஒன்று. ஒரு பள்ளம் பிசகினால் நீ மனசில் வைத்த போடியம் எந்தக் காலத்திலும் இல்லை. செகரட்டரி மெதுவாக, வேறு ஆளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் வெட்டுவேன் என்றேன். போன வருஷம் சிரித்த வாய் இந்த முறை மூடியே இருந்தது.

பௌர்ணமிக்கு முந்தைய ஞாயிறு காலை உன் ஷெட்டில் பலகையைப் பூட்டி, அச்சை வைத்து, ரூட்டரைப் பிடித்தேன். ரிங்கை மாட்டியது எனக்குத் தெரியும். பத்துத் தடவை பார்த்திருப்பேன். ஆனாலும் பிளக்கைச் சொருகக் கை போகவில்லை. உட்கார்ந்துகொண்டே இருந்தேன். வெயில் ஏறி தகரம் சுட ஆரம்பித்தது. கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த தங்கச்சி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"நான் கேக்கட்டுமாண்ணா?"

"கேளும்மா."

"ரிங்கு?"

உன் இழுப்பு அப்படியே இருந்தது. பதினொரு வருஷம் துணி உலர்த்திக்கொண்டே கேட்டிருக்கிறாள் அல்லவா. விரலை வைத்துத் தொட்டேன். இருக்கு என்றேன். சொருகினேன்.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் கேட்டாள், நான் தொட்டுச் சொன்னேன். பன்னிரண்டு தடவை. நடுவில் அவள் குரல் உடைந்தது. நான் நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் வேலை நின்றிருக்கும். பிட் உருண்டையானது, பள்ளத்தின் நுனியை அது கூராக விடாது. வால் நுழைய வேண்டிய இடத்தை ஒவ்வொன்றாக உளியால் எடுத்தேன். அது எப்போதும் உன் வேலை. எனக்கு மூன்று நாள் பிடித்தது.

பிறகு உன் இலைகள். நீ வைத்த நம்பர் வரிசையில் தட்டினேன். முதலாவது உள்ளே போனபோது ஒரு சத்தம் வந்தது, உனக்குத் தெரியும் அந்தச் சத்தம். நகத்தால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தேன், சிக்கவில்லை. ரிங் இல்லாமல் நீ அன்றைக்கு வெட்டியதும், ரிங்கோடு நான் இன்றைக்கு வெட்டியதும் ஒன்றுக்கொன்று பேசிவைத்த மாதிரி பொருந்தின. எனக்கு வந்த ஆத்திரத்தில் சுத்தியைத் தூக்கி மூலையில் எறிந்தேன். இப்படிப் பொருந்துகிறவர்கள் எதற்கடா எட்டு மாசம் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தோம்?

ஏழாவது இலையின் வாலில் மயிரிழை விரிசல் விழுந்தது. ஒத்துக்கொள்கிறேன். பதின்மூன்றாவது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தொடமாட்டேன் என்று எனக்கும் வீம்பு. பசையை ஊசி முனையில் விட்டு, அரை நாள் அழுத்திப் பிடித்து, அதையே உட்கார வைத்தேன். தேய்த்து எண்ணெய் விட்ட பிறகு எனக்கே தேடினால்தான் தெரிகிறது.

பௌர்ணமியன்று விகாரையில் போடியத்தைத் தூக்கி வைத்தோம். செகரட்டரி மைக்கில் உன் பெயரைச் சொல்லி, பிறகு என் பெயரையும் சொன்னார். தங்கச்சி முன் வரிசையில் இருந்தாள். இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏழாவதில் கொஞ்சம் நின்று, என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். உன்னோடு இருந்தவள் கண்ணுக்குத் தப்புமா?

அன்று சாயங்காலமே உன் ஷெட்டுக்குப் போய், ரிங்கை உன் ரூட்டரின் புஷ்ஷில் மாட்டி, மேலே துணியைப் போட்டு மூடினேன். அவன் கொண்டுவந்து கொடுப்பான் என்றாயே, கொடுத்துவிட்டேன். தாமதம்தான். நீ அவசரப்பட்டதற்கு நான் பொறுப்பில்லை.

பதின்மூன்றாவது மட்டும் என்னிடம் இருக்கிறது. என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த மாசங்களில், அடைப்பு எடுத்த நெஞ்சோடு, மாடியில் தனியாக உட்கார்ந்து எனக்குக் கெடுக்க ஒன்று வெட்டினாய். இதைப் பதிக்கப் போவது நான்தான் என்று உனக்கு அத்தனை நிச்சயம். ஒன்றைக் கெடுப்பேன் என்பதும் நிச்சயம். இரண்டாவதில் தோற்றுவிட்டாய். இலை முழுசாக என் சட்டைப் பையில் இருக்கிறது.

பஸ்ஸில் இப்போது முன் சீட்டில்தான் உட்காருகிறேன். பக்கத்தில் யாராவது உட்கார வந்தால் டிபன் பையை எடுத்து அங்கே வைத்துவிடுகிறேன். இன்னும் நான் உன்னோடு பேசி முடிக்கவில்லை.